படுத்துப் பார்ப்பவருக்கு ஒரு கூரை

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் கண்ணாடிக் கூரை போட்டு ஓர் அறை கட்டப் போகிறேன் என்று நான் சொன்னதும் நாகலூரில் சிரிக்காத ஆள் பாக்கியில்லை. பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒருத்தன், "எஸ்டேட் தொரை ஊட்டுலகூட இல்லீங்க, நம்ம கனகாக்கா ஊட்டுல வருதாமா" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான். நானும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே பதில் சொன்னேன். "தொரைக்குக் காலு இருக்குது. வெயிலு வேணும்னா வெளிய போயி நின்னுக்குவாரு. எங்க ஊட்டுக்காரரு எங்க போவாரு?" அதற்கப்புறம் அந்த டீக்கடையில் யாரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசியிருப்பார்கள், பேசட்டும்.

என் கணவர் மாதையன் எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர். ஒற்றை மூங்கில் ஏணியை மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்துவிட்டு ஏறினாரென்றால், கீழே நிற்கிறவர்களுக்கு அவருடைய உள்ளங்கால் மட்டும்தான் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், பறிப்பு முடிகிற சமயத்தில், ஏணிக் கால் நழுவி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது போனதுதான். அன்றைக்கு அவரைக் கம்பளியில் கிடத்தி ரோடு வரைக்கும் தூக்கி வந்தவர்களில் முன்னால் நின்றவர் அவருடைய அண்ணன் ஐயாக்கண்ணு மாமா. அந்த நன்றி எனக்குச் சாகிற வரைக்கும் இருக்கும். அதற்காக அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட முடியாது.

படுத்த படுக்கையாக என் கணவர் கிடந்த அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இருக்கிற ஒரே ஜன்னலும் கட்டிலில் கிடக்கிறவர் கண்ணுக்கு எட்டாத உயரத்தில். ஜூன் மாதம் மழை பிடித்தால் தை பிறக்கிறவரை போர்வை காயாது, தலையணை காயாது, முதுகுக்குக் கீழே வந்த படுக்கைப் புண்ணும் காயாது. மருந்து கட்ட வருகிற நர்ஸ் லூர்துசெல்வி, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வையுங்க அக்கா. படுக்கையில ஈரம் ஆகாது. காத்தும் வெளிச்சமும் நொம்ப முக்கியம்" என்றாள். எனக்கு அது புது வேலை இல்லை. பதினெட்டு வருஷம் காப்பிக் களத்தில் கொட்டையைப் புரட்டிப் போட்டுக் காயவைத்தவள் நான். நேரத்துக்குப் புரட்டாவிட்டால் அடியில் பூசணம் பிடித்துவிடும். காப்பிக்குச் செய்ததை மனுஷனுக்குச் செய்ய மாட்டேனா?

புண்ணைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. அவர் எதையும் கேட்பதை விட்டுவிட்டார். தண்ணீர் வேண்டும், திருப்பு, கொசு கடிக்கிறது, எதுவும் கிடையாது. சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டால் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பார். "ஏனுங்க, ஏதாச்சும் வேணுங்களா?" என்றால், "உனக்கு எப்படித் தோணுதோ செய்யி" என்பார். சண்டை போட்டாலும் அதே பதில். மரத்தின் மேலிருந்து ஊரையே அதட்டிய மனுஷன். அவர் வாயால் ஒரே ஒரு முறை எதையாவது கேட்டு வாங்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு வைராக்கியம் பிடித்தேன்.

நஷ்டஈடாக வந்த பணம் பாங்கில் சும்மா கிடந்தது. ஏற்காட்டில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சையத் இப்ராஹிம் பாயைக் கூட்டி வந்தேன். பாய் டேப்பை இழுத்துக்கொண்டு நின்றவாறே அளக்க ஆரம்பித்தார். "ஜன்னல் அடிமட்டம் மூணடி வெச்சுக்கலாம்மா. எல்லா ஊட்டுலயும் அப்படித்தான்."

நான் வெறும் மண்ணில், கட்டில் வரப்போகிற இடத்தில், கல் அடுக்கி அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு மல்லாந்து படுத்துக்கொண்டேன். பாய் பதறிப்போய்த் தள்ளி நின்றார்.

"இது நின்னு பாக்கறவங்களுக்கு இல்லீங்க பாய். படுத்துப் பாக்கறவருக்கு. இங்கிருந்து எனக்கு என்ன தெரியுதோ அது அவருக்குத் தெரியோணும். சுவத்த ஒண்ணரை அடியோட நிறுத்துங்க."

ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். எதிரே சில்வர் ஓக் மரங்கள். பாயும் குனிந்து பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த மரத்தயே அவரு தெனமும் பாத்துட்டுக் கெடக்கோணுமாம்மா?"

"மரம் என்னங்க பண்ணுச்சு? நழுவுனது ஏணி."

பாய் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கூரைக் கணக்குக்கு வந்தார். கூரைக்கு இரட்டைக் கண்ணாடி, நடுவில் படலம் வைத்து ஒட்டியது, உடைந்தாலும் கீழே கொட்டாது என்றார். நான் நம்பவில்லை. ஒரு துண்டை வாங்கி அம்மிக் குழவியால் ஓங்கிப் போட்டேன். கோடு கோடாக விரிந்தது, ஒரு சில்லுகூட உதிரவில்லை. சரி என்றேன். மழை வழிந்து ஓடச் சரிவு. ஆள் ஏறி நின்றாலும் தாங்குகிற இரும்புச் சட்டம். சூட்டுக் காற்று வெளியேற உச்சியில் திறந்து மூடுகிற பலகை. வெயில் எந்தப் பக்கம் வேண்டும் என்று பாய் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. தை மாதத்தில் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் வெயில் விழும் என்று களத்தில் நின்றவளுக்குத் தெரியாதா? கரித்துண்டால் தரையில் கோடு போட்டுக் கொடுத்தேன். பாய் அதன்படியே கட்டிக் கொடுத்தார்.

கட்டிலை அங்கே மாற்றிய முதல் நாள், அவர் கண்ணை மூடாமல் கிடந்தார். பத்து மணி வாக்கில் ஒரு குரங்கு கண்ணாடிமேல் நடந்து போனது. அதன் உள்ளங்கால் நான்கையும் அவர் கண்ணாலேயே தொடர்ந்துகொண்டு போனார். மாசி முடிவதற்குள் புண் காய்ந்து தோல் பிடித்தது. லூர்துசெல்வி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மனுஷன் கேட்கவில்லை. இன்னும் மணி பார்த்து நான்தான் திருப்பினேன்.

சித்திரையில் மாட்டிக்கொண்டேன். ஒருநாள் மதியம் களையெடுப்பு முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், அவர் முகமெல்லாம் சிவந்து, படுக்கையெல்லாம் வேர்வையாகக் கிடக்கிறார். பக்கத்து வீட்டு அத்தாயியை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வெயில் நேர் உச்சியில் நின்று கண்ணாடி வழியாக அவர்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது அறுவடைக் காலத்து வெயில் மட்டும்தான். களம் மார்கழியிலும் தையிலும் இருக்கும். சித்திரையில் நாங்கள் யாரும் களத்தில் நிற்பதில்லை, மர நிழலில் களை எடுப்போம். பதினெட்டு வருஷம் வெயிலில் நின்றதாகப் பெருமை பேசியவள், பாதி வருஷத்து வெயிலைப் பார்த்ததே இல்லை.

தப்பு என்னுடையதுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்பைத் திருத்தத்தான் வேண்டும், கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. களத்தில் உச்சி வெயிலுக்குக் கொட்டை வெடிக்காமலிருக்க மூடி வைப்போம். அதுபோல இதற்கும் ஒரு மூடி. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் கேட்டு, நாற்றுப் பண்ணையில் நிழலுக்குக் கட்டியிருந்த பழைய பச்சை வலையை வாங்கி, கயிறு கோத்துத் தைத்தேன். சனிக்கிழமை பாய் வந்து மேலே கட்டித் தருவதாகச் சொன்னார். அதுவரை பதினொரு மணிக்குக் கட்டிலைப் பழைய அறைக்கு இழுப்பதும், மூன்று மணிக்குத் திரும்ப இழுப்பதுமாக இருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐயாக்கண்ணு மாமா டெம்போவில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோடு வந்து இறங்கினார். கையில் ஸ்பேனர்.

"தம்பியக் காப்பிக்கொட்டையாட்டம் காயப் போட்டிருக்கறயாமா. ஊரே சொல்லுது. சேர்வராயன் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் பூரா வரும். வந்தவங்க எல்லாம் எம்பட தம்பியக் கண்ணாடிப் பொட்டியில வேடிக்கை பாக்கோணுமா?"

"பாக்கட்டுங்க மாமா. இருட்டுல கெடந்தப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்க."

"உனக்கு வாய் நீளம்."

"வாய் இருக்கறதாலதானுங்க அவரு புண்ணு ஆறுச்சு. வலை தெச்சு வெச்சிருக்கறேன். சனிக்கெழம பாய் வர்றாரு. கூரையில கைய வெக்காதீங்க."

அவர் காதில் வாங்கவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்து விறுவிறுவென்று ஏறிவிட்டார். நான் ஏணியைப் பிடித்து உலுக்கியிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் மேலே ஆள் இருக்கும்போது ஏணியை ஆட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபத்தில் அழுகை வந்துவிட்டது, உள்ளே ஓடினேன்.

அப்போது ஒரு குரல் கேட்டது. எனக்கே முதலில் யாருடையது என்று பிடிபடவில்லை.

"ஏனுங்ணா. கண்ணாடி மேல கால வெக்காதீங்க."

மாமாவின் கால் அந்தரத்தில் நின்றது.

"எடது பக்கம் இரும்பு இருக்குது, அது மேல வையுங்க. முழுப் பாதமும் பதியோணும். உங்க காலு நடுங்குதுங்ணா, எனக்கு இங்கிருந்து தெரியுது."

மாமா காலை இரும்புக்கு மாற்றினார். குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் அப்படி நேராகப் பார்த்து எத்தனை நாளாயிற்றோ.

"உனக்காகத்தான் சாமி, மேல ஏறியிருக்கறேன். இந்த வெயிலு உன்னையக் கொன்னுபோடும்."

"எனக்காகன்னா என்னையக் கேட்டீங்களா?"

கரித்துண்டால் கோடு போட்ட நானும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது, தைக்க வேண்டியதுதான்.

"மூணு வருஷமா அந்த ஷீட்டையும் சுவத்தையும் பாத்துட்டுக் கெடந்தேனுங்ணா. இப்ப மழ எங்க இருந்து வருது, எந்த மரம் துளுர்க்குது, எல்லாம் தெரியுது. கண்ணாடி இருக்கட்டும். வேடிக்கை பாக்கறவங்களை நானும் பாத்துக்கறேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஏ புள்ள, அந்த வலைய அண்ணங்கிட்டத் தூக்கிக் குடு. ஏறுனது ஏறிட்டாரு, கட்டிப்போட்டு எறங்கட்டும்."

நான் மறுபேச்சில்லாமல் வலையைத் தூக்கிக் கொடுத்தேன். மாமா ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு கட்ட ஆரம்பித்தார். கீழேயிருந்து இவர் விடவில்லை. ரெண்டு சுத்துப் போடுங்க என்றார், அந்த மூலை தொய்யுது என்றார், இழுத்துக் கட்டுங்க என்றார். மிளகுக் காலத்தில் கேட்ட அதே அதட்டல். வலை விரிந்ததும் கட்டில்மேல் பச்சை நிழல் விழுந்தது. மாமா மேலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையா வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை.

"கனகா," என்று இவர் கூப்பிட்டார். "என்னைய அந்தப் பக்கமாத் திருப்பி வுடு."

மணியைப் பார்த்தேன். திருப்புவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

"எதுக்குங்க?"

"அண்ணன் எறங்கப் போறாரு. ஏணிக் காலு சரியா ஊனியிருக்குதான்னு நாம் பாக்கோணும்."

திருப்பிவிட்டேன். இந்த மூன்று வருஷத்தில் அவர் கேட்டு நான் திருப்பியது அதுதான் முதல் தடவை.