ஒரு சாண் மிச்சம்

பல் ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியிலிருந்து விழுந்த பெயின்டர், தலை தரையில் மோத ஒரு முழம் இருக்கும்போது அந்தரத்தில் நின்றுவிட்டார். ஜன்னலுக்கு ஜன்னல் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவது அந்தத் தொழிலில் வழக்கம். அவிழ்த்ததற்கும் கட்டுவதற்கும் நடுவில் கால் வழுக்கியது. கையிலிருந்த பிரஷ்ஷும் பக்கத்திலேயே நின்றது. கீழே பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்து குனிந்தபோது அவர் மூச்சின் சூடு அவள் முகத்தில் பட்டது. வேடிக்கை பார்க்க வந்த பெரிய மனிதர் ஒருவர் கையைச் சும்மா வைத்திருக்காமல் பிரஷ்ஷைத் தொட்டார். அது பாய்ந்து கல்தரையில் அடித்துச் சிதறியது. அதன்பின் பெயின்டரைத் தொட யாருக்கும் மனம் துணியவில்லை. பள்ளம் தோண்டி மெத்தை போடலாம் என்று கடப்பாரையை இறக்கினார்கள். முதல் குத்தின் அதிர்விலேயே அவர் ஒரு சாணுக்கு இறங்கிவிட்டார். கடப்பாரையைக் கீழே வைத்தார்கள்.

பெயின்டரின் தங்கை கல்லூரியில் கணக்கு நடத்துபவள். அவர் விழுந்தது எதிர்க்கடைக் கேமராவில் பதிவாகியிருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, அண்ணனைத் தொடவே கூடாது, முழு வேகத்தில் இருக்கிறார் என்றாள். அசையாமல் நிற்கிறவருக்கு ஏது வேகம் என்று அண்ணி கேட்டாள்.

"கடைசி ஒரு செகண்ட்ல எவ்வளவு தூரம் வந்தாருன்னு பாருங்க அண்ணி. அப்புறம் கடைசி அரை செகண்ட். அப்புறம் அதுலயும் பாதி. தூரமும் தேயுது, நேரமும் தேயுது. ஆனா தூரத்தை நேரத்தால வகுத்தா வர்றது தேய்ஞ்சு போகல, ஒரு எண்ணுக்கிட்ட நெருங்கிக்கிட்டே போகுது. அந்த எண்தான் இந்தக் கணத்துல அண்ணனோட வேகம்."

அடுப்பை அணைத்தால் பாத்திரம் ஆறுவதுபோல வேகமும் ஆறிவிடும் என்று அண்ணி நினைத்தாள். பாவம், அதை நம்பித்தான் காத்திருந்தாள். தெருவில் வண்டிகளை நிறுத்தினார்கள், அவர்மேல் வெயில் படாமல் தகரம் வேய்ந்தார்கள், கூட்டம் அலுத்துப்போய்க் கலைந்தது, பல் டாக்டர் தொழிலை மகளிடம் விட்டுவிட்டு ஓய்வுபெற்றார். அண்ணி தரையில் நின்று எட்டுகிற சுவர்களுக்கு மட்டும் பெயின்ட் அடித்துப் பிழைத்தாள். அவள் தலை வெளுத்தது. அவர் மீசையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. வருஷம் தவறாமல் நாத்தனாரிடம், இப்பவாவது ஆறியிருக்குமா என்று கேட்பாள்.

"ஆறுறதுக்கு நேரம் ஓடணும் அண்ணி. அவருக்கு ஓடவே இல்லையே," என்று ஒரு வருஷம் அவள் சொல்லியேவிட்டாள்.

"அப்ப இத்தனை வருஷமும் விழுந்துக்கிட்டேதான் இருக்காரா?"

நாத்தனார் அழுதாள்.

மறுநாள் காலை அண்ணி தரையில் உட்கார்ந்து, அவர் தலைக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள். "போதும், வந்துடுங்க," என்று சொல்லிக் கையை உயர்த்தித் தொட்டாள். நாத்தனார் போட்ட கணக்கு தப்பவில்லை. அவள் விரல்கள் நொறுங்கின. அவரைக் காப்பாற்ற அது போதவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவள் கைக்குக் கட்டுப் போட்ட நர்ஸ், பக்கத்துக் கட்டிலில் கிடந்த இளம் முகத்தைத் துணியால் மூடிவிட்டு, "உங்க பையனாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா," என்றாள் அவள். நாத்தனாரும் அதைத் திருத்தவில்லை.