படகுச் சங்கத்தின் முதல் சவாரி

சங்கரன்கோவிலில் படகையே பார்த்திராத சில பெரிய மனிதர்கள் கூடி, படகுச் சங்கம் ஒன்று தொடங்கினோம். தலைவர் நான். பனவடலிசத்திரம் போகும் வழியில் புதிதாய்க் கட்டிய சின்ன அணைக்கும் கமிட்டித் தலைவன் நானே. நான் சொன்னால் மடை திறக்கும், சொன்னால் மூடும். இத்தனை பெரியவன் கரையில் நடந்து போவதாவது!

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அணையில் தொடையளவு தண்ணீர்தான். தொடக்க விழா முடியும்வரை மடையைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டேன்.

அணைக்குக் கீழே வயல் வைத்திருந்த முத்துத்தாய், விழாவன்று காலையிலேயே வந்து நின்றாள்.

“அய்யா, பயிரு கதிரு வாங்குத நேரம். இன்னைக்குத் தண்ணி பாயலைன்னா வெறும் வைக்கோல்தான்.”

“விழா முடியட்டும் தாயி. பெரிய ஆளுகள்லாம் வாராக.”

“அது நெல்லுக்குத் தெரியாதே அய்யா!”

படகு நடு அணைக்குப் போயிற்று. துடுப்புப் போட்டவர் எங்கள் செயலாளர் தில்லைநாயகம். அதுவரை கரண்டிகூடப் பிடித்தறியாதவர். நான் எழுந்து நின்று, கரையிலிருந்த கூட்டத்தைப் பார்த்துப் பேசினேன்.

“இந்த அணையின் ஒவ்வொரு துளியும் உழுபவனுக்கே சொந்தம்! அதைத் தடுக்க எவனுக்கும் உரிமையில்லை! இன்றே திறக்கட்டும், இப்போதே திறக்கட்டும்!”

அந்த இடத்தில் கைதட்டு விழும் என்பது என் கணக்கு. விழுந்தது.

“கேட்டீகளா சிவனாண்டி அண்ணே!” என்று மடைக்காரனிடம் கத்தினாள் முத்துத்தாய். “தலைவரே சொல்லிட்டாக. தொறங்க!”

அவன் திறந்துவிட்டான். நான் கவனிக்கவில்லை. பேச்சில் வெனிஸ் போய், காஷ்மீர் போய், நான் ஊர் திரும்புவதற்குள் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

“தரை தட்டிட்டு வே,” என்றார் தில்லைநாயகம். “இன்னும் கொஞ்சம் பேசியிருந்தீர்னா அறுப்பே முடிஞ்சிருக்கும்.”

“ஏலே சிவனாண்டி, மடைய மூடுலே!”

“நீங்கதான அய்யா தொறக்கச் சொன்னீக? ஊரே கைதட்டுச்சே!”

உரிமையில்லாத அந்த ‘எவன்’ நான்தான் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

“சரி, பாயட்டும்,” என்றேன், தானம் செய்பவனைப் போல.

வேட்டியைத் தூக்கிக் கட்டி இறங்கினேன். சேறு தொடையைப் பிடித்துக்கொண்டது. கைதட்டியவர்கள் எல்லாரும் மண்வெட்டியோடு வயலுக்கு ஓடிவிட்டார்கள்.

“யாராவது கை குடுங்கப்பா!”

கீழே எங்கோ வாய்க்காலிலிருந்து முத்துத்தாயின் குரல் வந்தது.

“கடைசி வயல் நனையட்டும் அய்யா, வாரோம்!”

அது நனைவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.