அதிராத கதவு

அத்தான் காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கக்கூட இல்லை, ஜன்னல் வழியாகவே சொன்னார்.

"நாலு கதவுலயும் ஸ்பீக்கர் மாத்திடு மாப்பிள. இருக்கறதுலயே பெருசா போடு."

மனைவியின் தம்பியை அவர் மாப்பிள என்றுதான் கூப்பிடுவார். கார் கதவுகளுக்கு ஸ்பீக்கர் பொருத்துவது தம்பியின் பிழைப்பு. டயர்க்கடைக்கும் கண்ணாடிக்கடைக்கும் நடுவே ஒற்றை ஷட்டர் போட்ட பட்டறை. அவன் கைபட்ட கதவு எவ்வளவு சத்தம் வைத்தாலும் கடகடக்காது என்று அந்தத் தெருவில் பேச்சு.

அத்தானைப் பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷமாக அந்த வீட்டுப் பக்கம் அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. அக்கா மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்து, உயிர் தப்பி, இரண்டு காதும் போயிருந்தன. உள்காதில் எலும்பு வளர்ந்து மூடிவிட்டது, இனிக் காதுக்குள் கருவி வைக்கவும் வழியில்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். பத்தொன்பது வயசு. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். ஆஸ்பத்திரியில் ஒரு தரம் போய்ப் பார்த்தான். காலையிலிருந்து ராத்திரிவரை சத்தத்தோடு புழங்குகிறவன் அவள் முகத்தைப் பார்த்து என்னத்தைப் பேசுவது? ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டுத் திரும்பியதுகூட உண்டு. பிறகு அக்காவிடம் ஃபோனில் விசாரிப்பதோடு சரி.

"உள்ள ஒட்டுவியே, அந்தக் கனமான ஷீட்டு, அதெல்லாம் வேண்டாம்," என்றார் அத்தான். "கதவு அதிரணும்."

"அதிர்ந்தா கேக்கச் சகிக்காது அத்தான்."

"கேக்கறதுக்கா போடறேன்? கைய வெச்சா தெரியணும் அவளுக்கு. அவ்வளவுதான்."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. காது கேளாதவர்கள் அதிர்வைத் தொட்டே பாட்டை உணர்ந்துகொள்வார்கள் என்று யாரோ இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பனுக்கும் மகளுக்கும் பாட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

கதவின் கைப்பிடிக் குழி மூடியை நெம்பி ஸ்க்ரூவைக் கழற்றினான். உள்பலகையின் விளிம்பில் விரல் கொடுத்து இழுக்க, கிளிப்புகள் பட் பட்டென்று விட்டுக்கொடுத்தன. ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் தாளைக் கறுப்புப் பசையோடு பதமாக உரித்தான். பழைய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதியதற்கு ஆழம் போதவில்லை. வளையம் ஒன்று வைத்துச் சற்று முன்னுக்குத் தள்ளிப் பொருத்தினான். கண்ணாடியை இறக்கி, அது ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டான். அத்தான் கழற்றிய பலகையைப் பச்சைப் பிள்ளையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வையுங்கள் என்று சொல்லியும் வைக்கவில்லை.

வேலை முடிகிற நேரத்துக்கு அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ன மாமா, உயிரோடதான் இருக்கீங்களா?"

அவள் கேட்டது தெருவுக்கே கேட்டது. தன் குரலின் அளவு அவளுக்கே தெரியவில்லை. டயர்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். இவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"குனிஞ்சுக்கிட்டா எனக்கு ஒண்ணும் புரியாது. வாயப் பாத்தாத்தான் உண்டு," என்றாள்.

அத்தான் அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, அவள் உள்ளங்கையை எடுத்துக் கதவின் மேல் பதித்தார். மறுபக்கம் ஏறி உட்கார்ந்து பாட்டைப் போட்டார். இருவருக்கும் மிகவும் பிடித்த பாட்டு. கதவு நடுங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியுதாம்மா?" அவளைத் தொட்டுக் கேட்டார்.

"கதவு ஆடுதுப்பா."

"பாட்டு?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவர் சத்தத்தைக் கூட்டினார். பலகை கடகடவென்று அடித்துக்கொண்டது. இன்னும் கூட்டினார். பொருத்தின கிளிப் ஒன்று தெறித்து மிதியடியில் விழுந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு, "போதுங்க, நிறுத்துங்க!" என்று கத்தினாள். அவர் காதில் ஏறவில்லை. மகள்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்து விலக்கி, பாட்டை அணைத்தாள்.

"எனக்கு இனிமே கேக்காதுப்பா," என்றாள். "நான் ஒத்துக்கிட்டேன். நீங்கதான் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க."

அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. ஒரு வருஷமாக ஆஸ்பத்திரி, டாக்டர், கருவி என்று ஓடிய மனுஷன். அவர் அழுது அக்காகூடப் பார்த்ததில்லை. மகள் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"உங்களுக்கு நல்லாத்தானே கேக்குது? நீங்க ஏன் பாட்டையே விட்டுட்டீங்க? டிவியக்கூடச் சத்தமில்லாமத்தான் பாக்கறீங்களாம், அம்மா சொன்னா. முன்னல்லாம் வண்டி ஓட்டும்போது உங்க வெரல் தாளம் போடும். இப்ப அது செத்துக் கெடக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நான் அதத்தான் பாத்துக்கிட்டு வரேன், தெனமும்."

அவர் தலையை ஆட்டினார்.

அவள் இறங்கி மாமனிடம் வந்தாள். "இதக் கழட்டிட்டு நீங்க எப்பவும் போடற மாதிரி போடுங்க மாமா. கேக்கறவங்களுக்கு நல்லா இருக்கணும்."

அவன் நாலு கதவையும் மறுபடி பிரித்தான். அந்தக் கனமான ஷீட்டை வெட்டி ஒட்ட, உருளையால் அழுத்தித் தேய்க்கிற வேலையை அவள் பிடுங்கிக்கொண்டாள். பாதியில் நிறுத்திக் கேட்டாள், "ஏன் வீட்டுக்கே வரல?"

அவன் இந்த முறை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "என்ன பேசறதுன்னு தெரியல."

"எனக்கும்தான் தெரியல. வாங்க, சும்மா உக்காந்துட்டுப் போங்க."

அன்று அத்தான் பாட்டுப் போடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரக் கடைசியில் அக்கா ஃபோன் செய்தாள். "இன்னிக்கிப் போட்டார்டா. கண்ணத் தொடச்சுத் தொடச்சு ஓட்டினாராம். இவ பக்கத்துலயே இருந்து, இது என்ன பாட்டு, இப்ப எந்த வரி ஓடுதுன்னு நோண்டிக்கிட்டே வந்தாளாம்."

ஞாயிற்றுக்கிழமை அவன் போனான். வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். பட்டறைக் கதை, டயர்க்கடைக்காரர் கதை என்று நிதானமாகச் சொன்னான். அவள் கண் கொட்டாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கட்டத்தில் கையை நீட்டித் தடுத்தாள்.

"மாமா, அந்த மீசையக் கொஞ்சம் வெட்டுங்க. பாதி வார்த்தைய அதுவே முழுங்கிடுது."

அடுப்படியிலிருந்து அக்கா சிரித்தாள். அத்தானும் சிரித்தார்.