ஈரப் புடவை காயும் வரை

நீலப் புடவை பாதி காய்ந்துவிட்டது, மேல் பாதி வெளிர் நீலம், கீழ்ப் பாதி இன்னும் கருநீலம், கரையிலிருந்து பாறைமேல் சொட்டுகிறது, சொட்டிய இடம் உடனே காய்கிறது, கொக்கரைப் பாறை உச்சியில் பங்குனி வெயில் அப்படி, நான் தகரக் கொட்டகைக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசல் சதுரத்துக்குள் தெரியும் அந்தப் புடவையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தலையில் ஹெட்போன், அதற்குள் ஒரு பெண்குரல் பதினொன்றாம் வாய்ப்பாடு சொல்கிறது, அது என் மனைவி பிரமசக்தி, மலைக்கு அந்தப் பக்கம் ஏழுகண் ஓடைப் பள்ளிக்கூடத்திலிருந்து பேசுகிறாள், வயிற்றில் ஒன்பதாம் மாதம், ஐபதினொன்று ஐம்பத்தைந்து வரைக்கும் குரல் முழுதாக வந்தது, அறுபதினொன்றில் ஒரு கீறல் விழுந்தது, வெளியே புடவையின் ஓரம் லேசாக எழும்பி அடங்கியது, இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை, அப்போது இல்லை.

நாங்கள் ஏழு பேர், ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியவர்கள், ஒருவர் தபால்காரர், ஒருவர் ஹோமியோபதி வைத்தியர், சேர்மக்கனி அண்ணாச்சிக்கு டிவி ரிப்பேர்க் கடை, எனக்குக் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகம், தினமும் காலை ஏழு மணிக்கு எங்களில் ஒருவர் பெயர் வாசிப்பார், கூப்பிடப்பட்டவர் இருக்கேன் என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மூன்று தரம் கூப்பிடுவார், மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் இருட்டுவதற்குள் யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார், எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம், நான் பிரமசக்தியை முதலில் பார்த்ததே அப்படித்தான், குரல் மட்டும் தெரியும், மூன்று தரமும் பேசவில்லை, போய் நின்றேன், ரேடியோவுக்கு என்னாச்சு என்றேன், பேட்டரியத் தம்பி டார்ச்சு லைட்டுல மாட்டிட்டான், இதுக்கா இம்புட்டு தூரம் மிதிச்சிய, உள்ள வாங்க, காப்பி குடிக்கியளா என்றாள், குடித்தேன், மறுநாள் அவள் மறுபடி பேசவில்லை, மறுபடி போனேன், பேட்டரி நல்லா இருக்கு, நீங்கதான் வருவியளான்னு பாத்தேன் என்றாள்.

அவளுக்கு ஏழுகண் ஓடையில் டீச்சர் வேலை கிடைத்தபோது செல்போன் கோபுரம் எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, டெலிபோன் கம்பியும் இல்லை, மாதம் இரண்டு தரம் ஜீப், அவள் கையில் இருந்தது இரண்டு வாட் கைப்பெட்டி, அதன் பேச்சு மலையில் முட்டி விழுந்துவிடும், அதனால் நடுவில் உச்சியில் ஒரு ரிப்பீட்டர் வைத்தோம், கேட்டதை அதே நொடியில் உரக்கத் திருப்பிச் சொல்லும் பெட்டி, அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது, டாக்சிக்காரர்கள் கழித்துப்போட்ட இரண்டு வயர்லெஸ் செட்டுகளை வாங்கி ஒன்றைக் காதாக்கினோம், ஒன்றை வாயாக்கினோம், அலைவரிசையைப் பிடித்துவைக்கும் படிகங்களை மாற்றினோம், சமையல் மேடையிலேயே ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன், ரசத்தில் ஈய வாசம் வருது என்று அவள் சொன்னாள், சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டே இன்னொரு கையால் டார்ச்சு பிடித்தாள், வாயும் காதும் ஒரே கம்பத்தில் இருந்தால் வாய் கத்துவதில் காது செவிடாகும், இரண்டையும் பிரித்துவைக்க ஆறு பித்தளை டப்பாக்கள் வேண்டும், பாத்திரம் அடிப்பவரிடம் போனோம், மூடியில ஓட்டை போடணுமா, இதுல என்னத்தக் காச்சப் போறிய என்று கேட்டார், பேச்சைக் காச்சுவோம் என்றார் அண்ணாச்சி, பாத்து, தீஞ்சிரப் போவுது என்றார் அவர்.

கம்பம் நட்ட அன்று சாயங்காலம் அவள் குரல் வீட்டுக்குள் வந்தது, பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல, என்ன சாப்பிட்டிய, ஓவர், நான் தயிர்சாதம், ஓவர் என்றேன், மற்ற ஐந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஊறுகா இல்லையா வே என்று அண்ணாச்சி குறுக்கே கேட்டார், அப்படி ஒரு நாள், ஒரே ஒரு நாள், மறுநாள் காது போய்விட்டது, அவள் பேச ஆரம்பிப்பாள், பெட்டி கேட்கும், வாயைத் திறக்கும், திறந்ததும் கரகரவென்று இரைச்சல், குரல் அறுந்துபோகும், மறுபடி தொடங்கும், மறுபடி அறும், நான் பேசுவது அவளுக்கு நன்றாகவே கேட்டது, என் பெட்டி பெரியது, அவள் பேசுவதுதான் எனக்கு நறுக்கிய வெண்டைக்காய்போல வந்து விழுந்தது, துண்டுகளைச் சேர்த்து நான் புரிந்துகொண்டது இது, அவளிடம் படிக்கும் பதினொரு பிள்ளைகளில் மூன்று பேர் விடுதிப் பள்ளி நுழைவுத் தேர்வு எழுதப் போகிறார்கள், அந்த ஓடையிலிருந்து எழுதும் முதல் ஆட்கள், தேர்வு பத்தொன்பதாம் தேதி, பிரசவம் மாசக் கடைசி, பத்தொன்பது முடியாமல் கீழே வரமாட்டாள்.

ஜீப்பில் ஏறிப்போய்ச் சண்டை போட்டேன், பள்ளிக்கூட வராந்தாவில் வைத்து, பிள்ளைகள் சிலேட்டால் வாயை மறைத்துக்கொண்டு பார்த்தார்கள், அவசரமானால் யாரைக் கூப்பிடுவாய், உன் பெட்டி பேசுவது ஒருத்தருக்கும் கேட்கவில்லை என்றேன், அவள் யோசித்தாள், சரி, ஒரு பேச்சு, ரெண்டு வாரம் கழிச்சு வார ஞாயித்துக்கிழம காலைல ஏழு மணிக்கு எம் பேரக் கூப்பிடுங்க, நான் சொல்லுதது முழுசா வந்துச்சுன்னா நான் பத்தொன்பது வரைக்கும் இங்கதான், அவசரம்னா கூப்பிடுதேன், ஜீப்ப அனுப்புங்க, வரலன்னா அன்னைக்கே பொட்டியக் கட்டிக்கிட்டு வந்திருதேன், பிள்ளைங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க என்றாள், ஒரு பெண்பிள்ளை சிலேட்டை இறக்கி, சார், நல்லா ரிப்பேர் பாருங்க என்றது.

அண்ணாச்சியும் நானும் ஏறினோம், காதுக்கு இன்னும் கூர்மை வேண்டும் என்று முன்னால் ஒரு பெருக்கி பொருத்தினோம், இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது, இரைச்சலில் தவிக்கிற காதுக்குள் இரைச்சலையும் பெருக்கி ஊற்றினோம், அதோடு விட்டோமா, அண்ணாச்சி கொட்டகைக்கு வெளியே முப்பது அடி தள்ளி நின்று கைப்பெட்டியில் பேசினார், அருமையாக இருந்தது, வே, ஐந்துக்கு ஐந்து வே என்று குதித்தார், நானும் குதித்தேன், வேர்வைச் சட்டைகளைக் கழற்றி மாடத்தி அக்காவின் துணிக்கம்பியில் காயப்போட்டுவிட்டுப் புளியோதரை தின்றோம், மாடத்தி அக்கா வனக்காவலர் மனைவி, உச்சியில் அவர்கள் குடியிருப்பு ஒன்றுதான் உண்டு, கீழே இறங்கி ரேடியோவைத் திருப்பினால் பழைய செவிடு, முப்பதடியில் நின்று கத்தினால் செவிடனுக்கும் கேட்கும் என்பது இருபது வருஷம் ரேடியோ பிடித்த இரண்டு பேருக்கு மலை இறங்கிய பிறகுதான் தோன்றுகிறது, அண்ணாச்சி இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

நான் நோட்டில் எழுதிவைத்தேன், திங்கள் காலை நன்று, பத்தரைக்கு மேல் துண்டு, செவ்வாய், புதன் முழுநாளும் துண்டு, வியாழன் காலை நன்று, பத்தரைக்கு மேல் துண்டு, அண்ணாச்சியிடம் காட்டினேன், அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, இது ராகு காலம் பாக்குதா வே என்றார், காலைப் பனியின் ஈரம் இருக்கும்வரை நன்றாகக் கேட்கிறது என்றேன், பனி செவ்வாக்கிழமைக்கு லீவு போடுமா என்றார், அடுத்த வியாழன் விடிய ஏறினோம், ஞாயிற்றுக்குக் கிடந்தது மூன்று நாள், பெருக்கியைக் கழற்றினேன், டப்பாக்களை ஒவ்வொன்றாக மறுபடி சரிசெய்தேன், அவளிடம் சொல்லியிருந்தேன், ஒன்பதரையிலிருந்து பதினோரு மணி வரை எதையாவது பேசிக்கொண்டே இரு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன், வாய்ப்பாடு சொல்லட்டுமா என்றாள், பிள்ளைகளுக்கும் ஆச்சு.

அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன், பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு வந்துவிட்டாள், பிள்ளைகள் பின்பாட்டுப் பாடுகிறார்கள், புடவை முக்கால்வாசி காய்ந்துவிட்டது, காற்று வருகிறது, புடவை எழும்புகிறது, கீறல், அடங்குகிறது, குரல், எழும்புகிறது, கீறல், ஹெட்போன் வயரை இழுத்துக்கொண்டே வாசலுக்கு வருகிறேன், மாடத்தி அக்கா வாளியோடு நிற்கிறாள், அக்கா, எந்தெந்தக் கிழமை துணி துவைப்பிய என்று கேட்கிறேன், என்ன தம்பி இப்பிடிக் கேக்கிய என்று கூசுகிறாள், திங்களும் வியாழனும் டேங்குல தண்ணி விடுவாவ, அன்னைக்கு விடிய மூணு வாளி தொவைப்பேன், வேற என்னைக்குத் தொவைக்க, இந்தக் கம்பி எப்போ கட்டுனிய என்றேன், நீங்க கம்பம் நட்ட மறுநாளு, நல்ல உறுதியான கம்பமா நட்டிருக்கியேன்னு அதுல ஒரு முனையக் கட்டினேன், இதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டியள்லா.

பழைய முள்வேலிக் கம்பி, முள்ளை நீக்கியது, துரு மண்டியது, எங்கள் கம்பத்தில் வளையமாகச் சுற்றி அங்கிருந்து அவள் வீட்டு ஆணிக்கு, ஈரத்துணி தொங்கினால் பாரத்தில் விறைத்து நிற்கிறது, காய்ந்தால் தளர்கிறது, தளர்ந்தால் காற்றுக்கு அந்தத் துருவளையம் கம்பத்தில் உரசுகிறது, எங்கள் வாய் போடும் கூச்சல் அந்த உரசலில் பட்டுச் சிதறி இரைச்சலாகிக் காதுக்குள்ளேயே திரும்பி நுழைகிறது, அவ்வளவுதான், ஆறு பித்தளை டப்பாவும் படிகமும் பெருக்கியும், கடைசியில் ஒரு துணிக்கம்பி, நான் அதைக் கையால் இறுகப் பிடித்தேன், பிரமசக்தி நூற்று எட்டு என்றாள், எச்சில் விழுங்கிய சத்தம்கூடக் கேட்டது, கையை விட்டேன், கரகர, பிடித்தேன், நூற்று இருபது.

அண்ணாச்சி கொட்டகைக்குப் பின்னால் பேட்டரியில் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார், அவருக்கு இன்னும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும், அந்த நேரம் எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு நிமிஷம் இருக்கலாம், கையை விட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள், நான் பொய் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும், பெட்டி செவிடு, நாங்கள் முயன்றோம், ஆகவில்லை, கட்டிலில் அவள் படுத்திருப்பாள், ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி, நான் ரசம் வைப்பேன், கையைத் தளர்த்தினேன், இரைச்சல் வந்தது, இரைச்சலுக்கு நடுவே துண்டு துண்டாக அவள், கேக்குதா, ஓவர், கேட்டாலும் கேக்காட்டாலும் பதிமூணு சொல்லுதோம், ஓவர், ஓர் பதிமூன்று பதிமூன்று, கேட்கிறதா என்றே தெரியாமல் சொல்கிறாள், பிள்ளைகள் கூடவே சொல்கிறார்கள், அந்தச் சிலேட்டுப் பெண்ணின் கீச்சுக்குரல் எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறது, என் கை தானாக இறுகியது, அண்ணாச்சி, கட்டிங் பிளையர எடுத்துக்கிட்டு ஓடி வாங்க என்று கத்தினேன்.

மாடத்தி அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டாள், எம் புடவையா உங்க ரேடியோவப் பேச விடல என்றாள், இல்லக்கா, உங்க ஈரப் புடவைதான் இத்தன நாளும் கொஞ்சமாச்சும் பேச விட்டுச்சு என்றேன், அண்ணாச்சி கம்பியை நறுக்கினார், நறுக்கிவிட்டு அதைத் தூக்கிப் பார்த்தார், இதுக்கா வே ரெண்டு நாள் கடை திறக்காமக் கெடந்தேன் என்றார், பிறகு சிரித்தார், பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானும், மாடத்தி அக்கா எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள், அது சரி, எந்துணிய எங்க போடுவேன் என்று கேட்டாள், அன்றே நான் இறங்கி நைலான் கயிறு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினேன், இருபது முழம் கட்டிக்கொடுத்தேன், மிச்சக் கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு ஏழு மணி, அன்று பெயர் வாசிக்கிற முறை என்னுடையது, மற்ற ஐந்து பேரும் இருக்கேன் இருக்கேன் என்றார்கள், பிரமசக்தி என்றேன், பதில் இல்லை, கயிறும் உரசுமோ என்று அற்பமாக ஒரு நினைப்பு, பிரமசக்தி என்றேன் இரண்டாம் தரம், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, மூன்றாம் தரம் கூப்பிட வாயெடுத்தபோது வந்தது, ஒரு எழுத்து குறையாமல், பக்கத்து அறையிலிருந்து, இருக்கேன், இருக்கேன், பேட்டரி மாத்திக்கிட்டு இருந்தேன், அதுக்குள்ள சைக்கிள எடுத்திராதிய, ஓவர், ஐந்துக்கு ஐந்து வே என்று அண்ணாச்சி யாருக்கும் இடம் கொடுக்காமல் கத்தினார், அப்போ நான் இங்கதான் இருக்கேன், பத்தொன்பது வரைக்கும், ஓவர் என்றாள் அவள், நான் சரி என்றேன், சரி என்று இரண்டு தரம் சொன்னேன்.

பத்தொன்பது போனது, மூன்று பேரும் எழுதினார்கள், இருபத்திரண்டாம் தேதி காலை, பெயர் வாசிப்புக்குப் பத்து நிமிஷம் முன்னால், அவள் கூப்பிட்டாள், நிதானமாக, எண்பதினொன்று எண்பத்தெட்டு என்று சொல்கிற அதே குரலில், ஜீப்ப அனுப்புங்க, அவசரம் இல்ல, ஆனா உடனே அனுப்புங்க, ஓவர், ஏழுகண் ஓடையில் சொன்னதை மலை கேட்டது, மலை சொன்னதை ஊர் கேட்டது, ஹோமியோபதி வைத்தியர் ஜீப்பில் பாதி வழி போய்விட்டார் நான் சட்டை போடுவதற்குள்.

மாடத்தி அக்கா பிள்ளை பார்க்க வந்தாள், மலையிலிருந்து இறங்கி, கையில் ஒரு துணிப்பொட்டலம், அவிழ்த்தால் நீலப் புடவை, நாலு வருஷம் வெயில்ல காஞ்சது, பஞ்சு மாதிரி இருக்கும், பிள்ளைக்கு உறுத்தாது என்று அவளே தாவணி அகலத்துக்குக் கிழித்தாள், பிறகு சதுரம் சதுரமாக, கொல்லையில் இரண்டு தென்னைக்கும் நடுவே மிச்ச நைலான் கயிறு, அதில் பதினாறு நீலச் சதுரங்கள், பாதி காய்ந்தவை, பாதி காயாதவை, சொட்டுகின்றன, காற்று வருகிறது, எல்லாம் ஒன்றாக எழும்புகின்றன, என் கை போய்க் கயிற்றை இறுகப் பிடிக்கிறது, உள்ளேயிருந்து பிள்ளையின் அழுகை, அதற்கு மேல் அவள் குரல், முழுசாக, நடுவில் மலை இல்லாமல், நைலான் இரையாதுங்க, அத விட்டுட்டு வந்து இங்க இரையுததப் பிடிங்க, ஓவர்.