ரயில் ஏறாத ஸ்டோர்கீப்பர்

ஸ்டோர்கீப்பருக்கு வேலை போனது ஒரு திங்கட்கிழமை. கீல், தாழ்ப்பாள், கைப்பிடி செய்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டவர். எந்த அளவுத் திருகு எந்த அடுக்கில் எத்தனையாவது டப்பாவில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்தப் பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். மேலாளர் கையைப் பிடித்துக்கொண்டு நாலு நல்ல வார்த்தை சொன்னார். வாசலில் காவலாளி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் வணக்கம் சொல்கிற அதே காவலாளிதான். அன்றைக்கு முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் சொல்லத்தான் நினைத்தார். அவர் உள்ளே நுழைந்தபோது மனைவி போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். மகள் வெளியூரில் கடைசி வருடம் படிக்கிறாள். "அப்பா வந்துட்டார், இரு தரேன்" என்று போனை நீட்டினாள். மகள் ஏதோ சொல்லிச் சிரித்தாள், இவரும் சிரித்துவைத்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மறுநாள் மனைவி வழக்கம்போல ஐந்து மணிக்கே எழுந்து சமைத்து டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்போது சொல்ல வேண்டியது இரண்டாகிவிட்டது: வேலை போனது ஒன்று, போனதைச் சொல்லாதது ஒன்று. மூன்றாம் நாளுக்குள் அதன் கனம் இன்னும் கூடிவிட்டது. வாயே வரவில்லை.

போக்கிடம், இத்தனை வருடம் வேலைக்கு வண்டி ஏறிய ஸ்டேஷன்தான். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஒரு நாளைக்கு ஆறு வண்டிதான் நிற்கும். எட்டே கால் வண்டியில் தெரிந்த முகங்கள் எல்லாம் ஏறிப்போய்விட்டால் அப்புறம் ஈ காக்கை இருக்காது. கடைசிப் பெட்டியில் ஏறப்போகிறவர் மாதிரி பிளாட்பாரத்தின் கோடிக்கு நடப்பார். வண்டி நகர்ந்ததும் சுற்றிக்கொண்டு வந்து காத்திருப்பு அறைக்குள் உட்கார்ந்துவிடுவார். கைவிடப்பட்ட அறை அது. சுவரில் காரை பெயர்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அடுத்தாற்போலிருந்த பார்சல் அறையில் பார்சல் வந்தே பல வருடமாகிவிட்டது.

ஸ்டேஷனில் இருந்த ஒரே ஊழியர் டிக்கெட் கிளார்க். ஐந்தாம் நாள் அவர் ஒரு டீயைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

"வண்டி லேட்டா சார்?"

"ஆமா, கொஞ்சம்."

"சூடு ஆறதுக்குள்ள குடிச்சிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எல்லா வண்டியும் நேரத்துக்கு வந்து போனது அவருக்குத் தெரியாதா என்ன? அதற்குப் பிறகு தினமும் பதினொரு மணிக்கு டீ வந்தது. கேள்வி வரவில்லை.

பதினோராம் நாள் காலை அறைக் கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு நாலு பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊரே டீச்சரம்மா என்று கூப்பிடும். பின்னால் எலெக்ட்ரீஷியன். நின்ற இடத்திலிருந்தே பல்பை மாட்டுகிற உயரம் என்பதால் அவருக்கு ஏணி என்று பெயர். துடைப்பமும் வாளியுமாக இரண்டு பெண்கள். டீச்சரம்மா கையில் அளவு நாடா.

"வண்டிக்குக் காத்திருக்கீங்களா?" என்று டீச்சரம்மா கேட்டார்.

"ஆமாங்க."

"எந்த வண்டி?"

"அடுத்து வர்ற வண்டி."

"அது ரெண்டே முக்காலுக்குத்தான். அதுவரைக்கும் இந்த நாடா முனையைப் பிடிங்க."

பிடித்தார். ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் அளந்து முடிப்பதற்குள் விஷயம் முழுவதும் காதில் விழுந்துவிட்டது. இரண்டு அறையையும் ஊர்க்காரர்களே சுத்தம் செய்து பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ரயில்வேயிலிருந்து கடிதம் வாங்கியிருக்கிறார் டீச்சரம்மா. ஒரு வருடம் தவணை. அதற்குள் ஆள் நடமாட்டம் கூடினால் தொடரலாம். இல்லாவிட்டால் பூட்டி, வண்டி நிற்பதையும் குறைத்துவிடுவார்கள். காத்திருப்பு அறையில் படிக்க, பேச, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத இடம். பார்சல் அறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கருவி அறை. வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படுகிற துளைக்கிற மிஷினை வீட்டுக்கு வீடு எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது டீச்சரம்மாவின் வாதம்.

கருவிகளை மறுநாளே கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். கொட்டினார்கள் என்பதுதான் சரி. சுத்தியல், ரம்பம், இடுக்கி, பெயிண்ட் பிரஷ், ஆணியும் திருகும் கலந்து கிடந்த இருபது முப்பது டப்பா. ஸ்டோர்கீப்பர் வாசலிலிருந்து அந்தக் குவியலைப் பார்த்தார். அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் டீச்சரம்மா எட்டிப் பார்த்தபோது திருகுகள் அளவுவாரியாகப் பிரிந்து, ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டியிருந்தது.

"யார் சொன்னா உங்களை?"

"யாரும் சொல்லலைங்க. பார்க்கச் சகிக்கலை."

"நாளைக்கு வருவீங்களா?"

"லீவுதான். வர்றேன்."

லீவு நீண்டுகொண்டே போனது. பலகைகளை அறுத்து அடுக்கு அடித்தார், சுண்ணாம்பு அடித்தார், யார் என்ன எடுத்துப்போனார்கள் என்று எழுத ஒரு நோட்டுப் போட்டார். "ஏணி எங்க இருக்கு?" என்று யாராவது கேட்டால், "மரத்தாலானதா, மனுஷனா?" என்று கேட்கிற அளவுக்குப் பேச்சும் திரும்பியிருந்தது. டீச்சரம்மா லீவைப் பற்றிக் கேட்பதை நிறுத்திக்கொண்டார். நாலு மணிக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பத்திரிகை படிக்க என்று போட்ட மேஜையில் ஒருவரும் பத்திரிகை படிக்கவில்லை. பெண்கள் உட்கார்ந்து பிழைத்த கதையும் பிழைக்காத கதையும் பேசினார்கள். டீச்சரம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஆள் வருகிறதே.

இருபத்திரண்டாம் நாள் டீச்சரம்மா துள்ளிக்கொண்டு வந்தார்.

"வர்ற புதன்லருந்து வாரா வாரம் பிரஷர் பார்க்க, சுகர் பார்க்க நர்ஸ் வர்றாங்க. மேற்கால இருக்கற கிளினிக்லருந்து அனுப்பறாங்க. ஆள் கொஞ்சம் கறாரு, ஆனா கை நல்ல கைன்னு சொல்றாங்க."

ஸ்டோர்கீப்பர் கையிலிருந்த சீட்டை வேறு டப்பாவில் ஒட்டிவிட்டார். மேற்கே இருக்கிற கிளினிக்கில் கறாரான நர்ஸ் ஒருத்திதான். இருபத்துமூன்று வருடமாக அவளுக்குத்தான் இவர் கணவர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சொல்லியே தீர்வது என்று வீட்டுக்குப் போனார். அவளே பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு எனக்கு ஸ்டேஷன்ல டியூட்டி. நீங்க போன பிறகு ஒன்பதரைக்கு. அந்த ரூம் எப்படிங்க இருக்கும்? நீங்கதானே தினம் பார்க்கறீங்க."

"நல்லாத்தான் இருக்கும்." சுண்ணாம்பு வாசனை அவருடைய கையிலேயே இருந்தது.

"அப்ப சரி."

"ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

"ரெண்டு ஃபேன்ல ஒண்ணுதான் ஓடும்" என்றார்.

புதன்கிழமை காலை அவள் வருவதற்கு முன்பே பார்சல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய குரல் கேட்டது. "மேஜையை இந்தப் பக்கம் போடுங்க. வரிசை வெளியில நிக்கட்டும்." பிறகு டீச்சரம்மாவின் குரல்: "நம்ம ஸ்டோர்கீப்பர் எங்க? முதல்ல நம்ம ஆளுங்க உட்கார்ந்தாத்தான் கூச்சப்படறவங்க பின்னால வருவாங்க." ஏணி வந்து கதவைத் தட்டினார். "சார்! உள்ளதானே இருக்கீங்க?"

பார்சல் அறைக்குப் பிளாட்பாரத்துப் பக்கம் இன்னொரு கதவு உண்டு. அதைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். ஒன்பதே முக்கால் வண்டி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. மூன்று வாரத்துக்கு மேலாக அவர் எந்த வண்டியிலும் ஏறவில்லை. ஏறிவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, சாயங்காலம் திரும்பி வந்து, இன்னும் ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். கைப்பிடியை எட்டிப் பிடித்தார்.

அதே படியில் ஒரு வயதான அம்மாள் இறங்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். கைப்பிடிக்கு நீண்ட கையைத் தனக்கு நீட்டிய கை என்று நினைத்து இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"நல்லா இருப்பே. இங்க நர்சம்மா வர்றாங்களாமே, அதுக்குத்தான் வந்தேன். எங்கப்பா?"

"அந்த ரூம்லதாம்மா."

"கூட்டிட்டுப் போ. கண்ணு சரியாத் தெரியலை."

வண்டி புறப்பட்டது. கையை உதறிவிட்டு ஓடவா முடியும்? அந்த அம்மாளின் நடைக்கு ஏற்றபடி ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, வரிசையைத் தாண்டி, அறைக்குள் நுழைந்தார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த பிரஷர் பட்டை அப்படியே நின்றது. சுவரைப் பார்த்தாள், அவருடைய சட்டையில் இருந்த சுண்ணாம்புக் கறையைப் பார்த்தாள். "உட்காருங்கம்மா" என்று வந்த அம்மாளை உட்காரவைத்துப் பிரஷர் பார்த்து, அவர் கொண்டுவந்த மாத்திரைச் சீட்டைச் சரிபார்த்து, அனுப்பினாள்.

"அடுத்து நீங்க உட்காருங்க சார்" என்றார் டீச்சரம்மா, நோட்டைத் திறந்தபடி. "வயசு?"

"ஐம்பத்திரண்டு" என்றாள் நர்ஸ்.

டீச்சரம்மா அவளையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனா தானாக அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. "தொழில்?"

ஸ்டோர்கீப்பர் டீச்சரம்மாவைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

"வேலை இல்லை. போயிடுச்சு. இன்னையோட இருபத்தி நாலு நாள் ஆச்சு."

அவள் பட்டையைச் சுற்றினாள். கொஞ்சம் இறுக்கமாகவே சுற்றினாள். "கையைத் தளர்த்துங்க" என்றாள். காற்றை ஏற்றினாள், இறக்கினாள்.

"நூத்தி அறுபத்தெட்டு, நூத்தி நாலு. உப்பைக் குறைங்க. அடுத்து யாரு?"

அன்று முப்பத்தோரு பேர். ஒருவரிடமும் அவள் குரலை உயர்த்தவில்லை. எல்லோரும் போன பிறகு பெட்டியை மூடிவிட்டுப் பார்சல் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இருபத்தி நாலு நாளும் நான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன். பத்து நிமிஷம் தாமதமானா உங்க வண்டி போயிடுமேன்னு தலையைக்கூட வாராம அடுப்பைப் பத்த வெச்சேன். எதுக்கு? நீங்க இங்க தனியா உட்கார்ந்து திங்கறதுக்கா?"

"பயமா இருந்துச்சு."

"என்னைப் பார்த்தா?"

"உன் முகம் வாடறதைப் பார்க்க."

"இப்ப மட்டும் பூத்துக் குலுங்குதா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "வேலை போனதுக்கு நான் கோபப்படலைங்க. டீ கொண்டாந்து குடுக்கற அந்தக் கிளார்க்குக்குத் தெரிஞ்சிருக்கு. டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் ஃபேன் கதை."

அவள் முன்னால் நடந்தாள். இவர் இருபதடி பின்னால் நடந்தார்.

நாலு நாள் வீட்டில் பேச்சு அளந்துதான் வந்தது. சாப்பாடு இருக்கு, கதவைச் சாத்துங்க, அவ்வளவுதான். மகளுக்கு அவளேதான் சொன்னாள். மகள் அழுதுவிட்டு, "அப்பாகிட்ட குடு" என்றாள். இவரிடம், "எனக்குப் பரீட்சை முடிஞ்சதும் நானும் வேலை தேடறேன்ப்பா, ரெண்டு பேரும் சேர்ந்தே தேடலாம்" என்றாள். அப்போதுதான் இவருக்கு அழுகை வந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அந்தத் திங்கக்கிழமை என்ன ஆச்சு? முதல்லருந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம."

சொன்னார். மேலாளர் சொன்ன நாலு நல்ல வார்த்தையையும் சொன்னார். காவலாளி முகத்தைப் பார்க்காமல் அட்டையை வாங்கியதைச் சொன்னபோது அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்கிற பிடி இல்லை அது. மறுநாள் காலை அவள் ஆறரைக்குத்தான் எழுந்தாள். அவரே டீ போட்டார்.

அதற்குப் பிறகு காலையில் கருவி அறை, மதியத்துக்கு மேல் வேலை தேடுவது என்று வைத்துக்கொண்டார். இரண்டு இடத்தில் வயதைக் கேட்டதும் தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது மாதம் மனைவிதான் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். பெரிய மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் மதியத்துக்கு மேல் ஆள் வேண்டுமாம். முன்பு வாங்கிய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். போய்ச் சேர்ந்தார். மருந்துப் பெயர்கள் வாயில் நுழைய ஒரு மாதம் பிடித்தது.

ரயில்வே கொடுத்த ஒரு வருடத் தவணை முடிகிற வாரத்தில் ரயில்வேயிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். புதன்கிழமை. காத்திருப்பு அறையில் பிரஷர் வரிசை, பார்சல் அறையில் கருவி வாங்க ஏழெட்டுப் பேர், பிளாட்பாரத்து பெஞ்சில் ஒரு தையல் மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஏணி. டீச்சரம்மா எழுதி வைத்திருந்த நாலு பக்க அறிக்கையை அதிகாரி புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க? இங்க தினம் இருக்கறவர் யாரு?"

எல்லோரும் ஸ்டோர்கீப்பரைப் பார்த்தார்கள். அவர் திருதிருவென்று விழித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொன்னார், அவருக்கே கேட்டிருக்காது.

"சத்தமாச் சொல்லுங்க. நல்ல விஷயத்தைக்கூட மென்னு முழுங்கினா எப்படி?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. வரிசை சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார்.

ஸ்டோர்கீப்பர் நிமிர்ந்து நின்றார். கருவி வாங்க எத்தனை பேர், வீட்டுப்பாடத்துக்கு எத்தனை பிள்ளைகள், நர்ஸிடம் காட்டிக்கொள்ளவே பக்கத்து ஊர்களிலிருந்து டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் எத்தனை பேர் என்று நோட்டைத் திறக்காமலேயே, அடுக்கு அடுக்காக, கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி சொன்னார்.