வாக்குமூலத்தில் ஒரு வினைச்சொல்

மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஐந்தேகால் மணிக்கு, நான்காம் மாடி வீடொன்றின் சமையலறை வாசலில் ஆங்கில வாத்தியார் தன் மகளின் கைபேசியை எடுத்துக்கொண்டார். மகளுக்கு இருபது வயது. பத்து நிமிடம் கழித்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாலை வேலைக்கென்று கிளம்பிப் போனவள் அங்கே போய்ச் சேரவில்லை.

மறுநாள் காலை காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் இரண்டு வெள்ளைத்தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"மேலிடத்துக்கு இங்கிலீஷ்லதான் போகணும். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார். நான் எழுதினா பத்து தப்பு வரும், அப்புறம் என்னைத்தான் காணோம்னு தேடுவாங்க."

பக்கத்தில் நின்ற காவலர் சிரித்தார். வாத்தியாரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். மகளின் உயரம், உடுத்தியிருந்த நீலச் சட்டை, வழக்கமாக ஏறும் வேன் என்று கடகடவென்று எழுதிக்கொண்டே வந்தவர், கைபேசி வரவேண்டிய வரியில் நின்றுவிட்டார்.

சொல் கிடைக்காமல் நிற்கவில்லை. சொற்கள் வரிசைகட்டி நின்றன. முந்தைய நாள் காலைதான் போட்டோகாப்பிக் கடைக்கு மேலே இருக்கும் தன் ஒற்றை அறை வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தியிருந்தார். ஒருவரிடமிருந்து ஒன்றை வலிந்து எடுப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள வினைச்சொற்கள். மாணவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். அவருக்கு 'டிக்‌ஷனரி' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள். 'கிராப்' என்றால் முரட்டுத்தனமாகப் பற்றிக்கொள்வது. 'ஸ்னாட்ச்' என்றால் எதிராளி சுதாரிப்பதற்குள் வெடுக்கென்று பறிப்பது. 'சீஸ்' அதிகாரத்தோடு கைப்பற்றுவது. 'எக்ஸ்டார்ட்' மிரட்டிக் கறப்பது. கடைசியாக வெள்ளைப் பலகையில் 'ரெஸ்ட்' என்று எழுதினார்.

"அப்பாடா, ஓய்வா சார்?" என்றார் தையல்கடைக்காரர்.

"முன்னாடி ஒரு டபிள்யூ நிக்குதே, பாக்கலையா அண்ணே? அது வந்தா ஓய்வே கிடையாது. இவன் விடமாட்டான், அவனும் விடமாட்டான். முறுக்கித் திருகி, கடைசியில வாங்கிடறது."

சொல்லிக்கொண்டே தையல்கடைக்காரர் கையில் டஸ்டரைக் கொடுத்து, அதைத் திருகிப் பிடுங்கிக் காட்டினார். வகுப்பே சிரித்தது. அழிக்கும்போதுதான் தெரிந்தது, அழியாத மை பேனாவால் எழுதித் தொலைத்திருக்கிறார் என்று.

மாலையில் டஸ்டர் இல்லை, மகளின் கை. கைபேசியைப் பார்த்து அவள் தனக்குள் சிரித்தாள். யார் என்று கேட்டார். "யாருமில்லப்பா" என்றாள். குடு என்றார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இடதுகையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். வலதுகையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை விடவில்லை. "அப்பா, வலிக்குது" என்றாள், ரொம்பச் சின்னக் குரலில். பிறகு அதுவும் விட்டது. அவள் தண்ணீர் குடித்தாள், செருப்பை மாட்டினாள், போய்விட்டாள்.

காவல் நிலைய மேசையில் வாத்தியார் 'டுக்' என்று எழுதினார். எடுத்தேன். பொய் இல்லையே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அந்த வரியில் விரலை வைத்தார். "போனை எடுத்துக்கிட்டீங்கன்னு போட்டிருக்கு. எதுக்கு?"

"சார்ஜ் இல்லாம இருந்துச்சு... போட்டு வைக்கலாம்னு."

"வீட்டுல சண்டை கிண்டை?"

"இல்லீங்க."

"சண்டை இல்லாம, கையில போனும் இல்லாம ஒரு பொண்ணு காணாமப் போச்சுன்னா, வண்டியில ஏத்திட்டுப் போனவனத்தான் கேக்கணும்."

அன்று மதியமே வேன் டிரைவரைக் கொண்டுபோனார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி அவள் இறங்கிக்கொண்டாள் என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் தேடல் மும்முரமாக நடந்தது. பாலத்தின் இரு கரையிலும் ஆட்கள் இறங்கினார்கள். பேருந்து நிலையத்தில் படம் ஒட்டினார்கள். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, காவல் வண்டி தெருவில் போகும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

வாத்தியாருக்கு வலதுகை சொன்னபடி கேட்கவில்லை. தம்ளரைப் பிடித்தால் உள்ளிருந்து ஏதோ ஒன்று அதை விடாமல் பற்றியிருப்பது போல இருந்தது. கதவின் தாழ்ப்பாளைத் தொட்டால் அது ஒரு சுண்டுவிரலாக மடங்கியது. சோற்றில் கைவைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். அந்தக் கரண்டியும் ஒருமுறை அவருக்கு எதிராக இழுத்தது. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை காலை வகுப்பறைக்குப் போய், ஸ்பிரிட்டில் துணியை நனைத்துப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் வெளிறினவே தவிரப் போகவில்லை. படியேறி வந்த பெண்ணொருத்தி, வகுப்புக்கு வந்த மாணவி போல முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் வேன் டிரைவர் சம்சாரம் சார்."

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"சண்டை போட வரலை. உங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. நானும் ரெண்டு பெத்தவ. ஆனா அவர நாலு நாளா வச்சு அடிக்கிறாங்க. நேத்து பாக்க விட்டாங்க. வாயத் தொறந்து பேச முடியல."

"நான் அவரை ஒண்ணும் சொல்லலம்மா."

"தெரியும் சார். வண்டி சீட்டுல ரத்தம் இருந்ததாம், அதையே பிடிச்சுக்கிட்டாங்க. அது ஏறும்போதே உங்க பொண்ணு சுண்டுவிரல்ல வடிஞ்சுட்டு இருந்ததாம். நகம் பாதி பேந்து போயிருந்துச்சாம். இவரு பஞ்சு எடுத்துக் குடுத்து, என்னம்மா ஆச்சுன்னு கேட்டாராம். கதவுல மாட்டிக்கிச்சுண்ணேன்னு சொல்லிச்சாம்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "உங்க வீட்டுல அப்படி எந்தக் கதவு சார் இருக்கு? அதைக் கொஞ்சம் ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

நகம் பெயர்ந்தது அவருக்கு அதுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். தரையில சிந்துன ரத்தத்தைத் துடைச்சதும் நான்தான்."

"நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா கோவிச்சுட்டுப் போனவன்னு எழுதிடுவாங்க. அப்புறம் யாரு தேடுவா? நீங்களும் நானும் தேடுவோமா?" கீரைக்காம்பை ஒடித்து எறிந்தாள். "ஊருக்கெல்லாம் வார்த்தை சொல்லித் தர்றீங்க. அன்னைக்கு அவகிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. இப்பப் போய் எதைச் சொல்லப் போறீங்க?"

"அந்த ஆளை அடிக்கிறாங்க."

"அடிக்கட்டும்" என்றவள், சொன்ன வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். பிறகு, "சட்டைய மாத்திட்டுப் போங்க. ஸ்பிரிட் நாத்தம் அடிக்குது" என்றாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டாவது வாக்குமூலத்தை மெதுவாகப் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது என்ன சார் வார்த்தை, முன்னாடி டபிள்யூ போட்டு? கேள்விப்பட்டதே இல்லையே."

"மணிக்கட்டை முறுக்கி, விரலைப் பிரிச்சு, பிடுங்கினேன். அதுல நகம் பேந்துடுச்சு. வண்டியில இருந்த ரத்தம் என்னாலதான்."

காவலர்கள் யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா ஒருத்தன் முதுகு மிஞ்சியிருக்கும். இருபது வயசு ஆச்சு, வீட்டுல அடிபிடி, தானா இறங்கிப் போயிருக்கு. இதுக்கு மேல ஆள் விட்டுத் தேட எனக்கு வழி இல்லை. தெரிஞ்சுதானே எழுதினீங்க?"

"தெரிஞ்சுதான்."

"கையெழுத்துப் போடுங்க."

பேனா எதிர்த்து இழுத்தது. இடதுகையால் வலதுகையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்திட்டார்.

வேன் டிரைவரை மறுநாள் மதியம் விடுவித்தார்கள். ரத்த மாதிரி பரிசோதனை முடிவு வந்த பிறகு, ஏப்ரல் இரண்டாம் தேதி, 'சுயவிருப்பத்தில் வீட்டைவிட்டுச் சென்றவர்' என்று குறித்துக் கோப்பை மூடினார்கள். பாலத்தடியில் தேடிய ஆட்கள் வேறு பணிக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஆண்டு முடியும்வரை மகளைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை.