மேட்டு லயத்துச் சாய்வுப்பாதை

மணல் லோரி கோயிலடியோடு நின்றுவிட்டது. இதற்கு மேல் ஒரு அடி ஏறமாட்டேன் என்று கோலா தெர்லாவிலிருந்து வந்த டிரைவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு, மணலைப் பாதையோரம் கொட்டிவிட்டுப் போயே போய்விட்டான். இரவெல்லாம் மழை. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயம் பனிக்குள் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. அத்தனை மணலும் இனி மனுஷ முதுகில்தான் ஏறவேண்டும்.

"இவ்வளவையுமா?" என்று ஷாரன் வாயைப் பிளந்தாள். கிள்ளானில் கல்லூரியில் படிக்கிறவள். ஒரு தொண்டு நிறுவனம் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்த தொண்டூழியர்களில் ஒருத்தி. கூட வந்த பிள்ளைகளும் மண்வெட்டியைப் பிடித்தபடி மலைத்துப்போய் நின்றார்கள்.

"பாத்துக்கிட்டே நின்னா அதுவா நடந்து போயிருமா லா?" என்று கேட்டுக்கொண்டே நீலாவதி வந்தாள். மேட்டு லயத்துக்காரி. கொழுந்து சுமக்கிற சாக்கைத் தோளில் போட்டிருந்தாள். அவள் பின்னால் லயமே இறங்கி வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாள். யாரும் போய் யாரையும் அழைக்கவில்லை. வங்காளதேசத்துப் பையன்கள்கூட லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சாக்கில் பாதிக்கு மணல், அதன் கயிறு நெற்றியில், உடம்பை முன்னால் சாய்த்து ஒரே சீரான நடை. கொழுந்து சுமந்த பழக்கம். யாரும் கட்டளையிடவில்லை, யாரும் முந்தவில்லை. எப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதட்ட மட்டுமே தெரிந்த கங்காணி சிவசாமியும் ஒரு சாக்கைத் தூக்கியபோது, பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கங்காணி முதுகுல சாக்கா! யாராச்சும் போட்டோ புடிங்க, நாளைக்குச் சொன்னா நம்பமாட்டாங்க!"

"வாய மூடிக்கிட்டு ஏறுங்க" என்றார் சிவசாமி. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பனிக்குள் ஏறிப்போகும் அந்த முதுகுகளைப் பார்த்தபோது ஷாரனுக்குத் தானும் அவர்களோடு சேர வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. தேவாலயத்தில் எல்லோரும் ஒன்றாக எழுந்து நிற்கும்போது வருமே, அந்த மாதிரி. அவளும் ஒரு சாக்கை எடுத்துக் கயிற்றை நெற்றியில் மாட்டினாள். பத்தடி போவதற்குள் கழுத்து கழன்றுவிடும் போலிருந்தது. ஆனாலும் இறக்கவில்லை.

இத்தனையும் ஒருத்திக்காக. லயத்தின் கடைசி வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் ஜெயா.

ஒரு மழைநாளில் கொழுந்துச் சாக்கோடு சரிவில் உருண்டவள் ஜெயா. அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அதன் பிறகு அவள் அந்த வீட்டை விட்டு இறங்கியதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், அதுவும் புருஷன் கந்தனின் முதுகில். பாதைக்கு இறங்க இருந்தவை மண்ணில் வெட்டிக் கல் பதித்த படிகள். பாசி பிடித்து, நல்ல கால் உள்ளவனையே வழுக்கிவிடும்.

உணவுப் பொட்டலம் கொடுக்க முதன்முதலாக அந்த வீட்டுக்குள் போனபோது ஷாரன் ஒரு சக்கர நாற்காலியைப் பார்த்தாள். அதன் மேல் சட்டையும் கைலியும் காய்ந்துகொண்டிருந்தன.

"முந்தி வந்த பிள்ளைங்க குடுத்துட்டுப் போனது" என்றாள் ஜெயா. "நல்ல சாமான் லா. துணி சீக்கிரம் காயுது."

ஷாரன் சிரித்துவிட்டாள். வெளியே வந்து படிகளைப் பார்த்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. திரும்பவும் உள்ளே போனாள்.

"ஆன்ட்டி, வெளிய போக முடிஞ்சா எங்க போவீங்க?"

கோயில் என்பாள், கோலாலம்பூர் என்பாள் என்று எதிர்பார்த்தாள்.

"மீன் லோரிக்கு" என்றாள் ஜெயா, யோசிக்காமலே. "சனிக்கிழமை கீழ வந்து ஹாரன் அடிப்பான். எனக்கு இங்க உசுரு துடிக்கும். இந்த நீலாவதி வாங்கியார மீன நீ பாக்கணுமே! அது செத்த அன்னைக்கு நான் நடந்துக்கிட்டு இருந்திருப்பேன். என் கையால செவுளத் தூக்கிப் பாத்து ஒரு மீன் வாங்கணும். அவ்வளவுதான் பொண்ணு."

அந்த ஒரு மீனுக்காகத்தான் ஷாரன் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர் ஹரோல்டை விடாமல் நச்சரித்தாள். அவர் ஈப்போவில் கட்டட வேலை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்து சரிவைப் பார்த்தார், மோவாயைச் சொறிந்தார், சரிவுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து இறங்கும் ஒரு பாதையைக் குச்சியால் மண்ணில் கீறிக் காட்டினார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டதற்கு, தர்மக் காரியம்தானே, கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எந்த வீட்டுக்கு என்று அவர் கேட்கவுமில்லை, இவர்கள் சொல்லவுமில்லை.

சுமந்த மணலில் பாதை போட்டு முடிந்தது. சிமெண்டு இறுகியது. ஈரச் சாக்கு போட்டு, கந்தன் வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தார். பச்சைப்பிள்ளைக்குப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

சனிக்கிழமை ஹாரன் கேட்டது.

ஜெயா நல்ல புடவை கட்டியிருந்தாள். மடியில் ஒரு மங்கு, மீன் வாங்குகிற கிண்ணம். கந்தன் நாற்காலியின் பின்னால் கையை நீட்டிக்கொண்டே வந்தார்.

"கைய எடுங்க."

"விழுந்துட்டீன்னா?"

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன். கைய எடுங்கன்னா!"

எடுத்தார். சக்கரம் உருண்டது. ஜெயா உள்ளங்கையால் பிடித்துப் பிடித்து விட்டாள். முதல் வளைவில் நின்றாள். அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. பனி விலகி, வெட்டிச் சீவிய தேயிலை மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பச்சைப்பசேலென்று கிடந்தன. அவள் இத்தனை காலம் ஜன்னல் அளவுக்குப் பார்த்த மலை. "அம்மாடி" என்றாள், மெல்ல. பிறகு சக்கரத்தைத் தள்ளினாள்.

லயத்து வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் கை தட்டவில்லை. அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு நின்றார்கள். நீலாவதி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

கீழே மீன்காரர் தராசைப் போட்டுவிட்டுப் பார்த்தார். "யாரு... ஜெயாக்காவா? தனியாவா வந்தீங்க?"

"பேச்ச விடுங்க. கெம்போங் மீனு எங்க?"

தட்டுத் தட்டாகச் செவுளைத் தூக்கினாள். "இது நேத்து புடிச்சது. இது முந்தாநேத்து. இதெல்லாம் நீலாவதிக்கு எடுத்து வைங்க." பாதை முழுக்கச் சிரிப்பு. "ஷாரன், இங்க வா, பாரு. செவுள் ரத்தச் செவப்பா இருக்கணும். கண்ணு கலங்கியிருந்தா தொடவே தொடாத."

திரும்பி ஏறுவதுதான் பாடு. வளைவுக்கு வளைவு நின்றாள். புஜம் நடுங்கியது, வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. யார் கையையும் தொடவிடவில்லை. மீன் மங்கு மடியிலேயே இருந்தது. வாசலுக்கு வந்து சேர்ந்து, திரும்பிக் கீழே பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷமாக இருந்து ஷாரன் பார்த்ததே இல்லை. அடேயப்பா, இதற்கா நாம் மணல் சுமந்தோம், இன்னும் ஒரு லோரி சுமக்கலாமே என்றிருந்தது.

அந்த மீன் குழம்பைச் சாப்பிடும்போதுதான் கந்தன் ஆரம்பித்தார்.

"மானேஜர் துரையக் கூப்பிட்டு மாலை போட்டுப் பாதையத் தொறக்கணும்."

நீலாவதி சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா அண்ணே? நீங்க வேலையிலேருந்து நின்னாச்சு. ஒங்க மக யோகேஸ்வரி சிங்கப்பூர்ல. தோட்டத்துல வேலை செய்ற ஆளு இல்லாத வீட்ட ஆபீஸ்ல திருப்பிக் குடுக்கணும்னு சட்டம். ஆபீஸ்காரன் ஏதோ மறந்து கெடக்கான். நாங்களும் வாயத் தொறக்கல. நீங்களா போயி எழுப்புவீங்களா?"

"தோட்டத்துல எந்த நல்லது நடந்தாலும் மொத மாலை துரைக்குத்தான். திருவிழான்னாலும் சரி, தண்ணிக் குழா போட்டாலும் சரி. எத்தனை துரைக்கு நான் என் கையால மாலை கட்டியிருப்பேன்! கூப்பிடாம விட்டாத்தான் கோவம் வரும்." கந்தன் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பாரு. துரையே ரிப்பன் வெட்டித் தொறந்த வீடுன்னா, அப்புறம் எவன் நம்மள அசைக்க முடியும்?"

"வேணாங்க" என்றாள் ஜெயா.

ஆனால் ஹரோல்டுக்கும் அந்த யோசனை பிடித்துவிட்டது. மானேஜரே வந்தால் அடுத்த வருஷமும் பிள்ளைகளை அனுப்பச் சுலபமாக இருக்கும் என்றார். ஷாரனுக்கு நீலாவதியின் முகம் உறுத்தியது. ஆனாலும் இந்தப் பாதையைக் கண்ணால் பார்த்த எவருக்கும் மனசு இளகாதா என்று எண்ணினாள்.

துரை வந்தார். இளவயசுக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர், மேட்டு லயத்துக்கு இதுதான் முதல் தடவை. கந்தன் விடியலில் எழுந்து கட்டிய மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார். ரிப்பன் வெட்டினார். பாதையில் மேலே நடந்தார், கீழே நடந்தார், ஷூவால் தட்டிப் பார்த்தார். அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே அசந்துபோயிருந்தார்.

"கையாலயே கட்டினீங்களா? நம்பவே முடியல லா. நான் லோரி ஏறாதுன்னு இந்த மேட்டையே விட்டுட்டேன். இதுல ட்ரோலியே ஏறும் போலருக்கே!"

"ஏறும் துரை, ஏறும்" என்றார் கந்தன், பூரித்துப்போய்.

துரை கடைசி வீட்டை ஏறிட்டுப் பார்த்தார். "இந்த வீட்டுல வேலைக்கு யாரு வர்றாங்க?"

சிவசாமி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். நீலாவதி நகர்ந்து சுவரோரம் போனாள். கந்தன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் துரை. ரிட்டையர் ஆயிட்டேன்" என்றார்.

"ஓ" என்றார் துரை. பிறகு எல்லோரோடும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே சிவசாமி வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலில் நின்றபடி, மாசக் கடைசிக்குள் வீட்டைக் கொடுத்துவிட வேண்டுமாம் என்றார். "என் வாயால சொல்ல வச்சுட்டான், கந்தா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பாதையை மிதிக்காமல் பழைய படியிலேயே இறங்கிப் போனார்.

ஷாரன் ஆபீசுக்கு ஓடினாள். துரை அவளை உட்காரவைத்து டீ வரவழைத்தார். கோபப்படவே இல்லை. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. ஆனா உங்க வேலை அருமை. ஹெட் ஆபீசுக்கே போட்டோ அனுப்பியிருக்கேன்" என்றார். ஷாரன் ஹரோல்டுக்குப் போன் செய்தாள். அவர், "தோட்டம் உள்ள விட்டாத்தானே நாம வரமுடியும், ஷாரன்" என்றார்.

வீடு காலி செய்த அன்று ஜெயா மடியில் சட்டி பானையை வைத்துக்கொண்டு, தானே உருட்டிக்கொண்டு இறங்கினாள். கந்தன் பின்னால் வந்தார். கையை நீட்டவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

ஷாரன் ஊருக்குத் திரும்புகிற சனிக்கிழமை, சொல்லிக்கொண்டு போக மேட்டு லயத்துக்குப் போனாள். பாதையில் ஒரு வங்காளதேசத்துப் பையன் ட்ரோலியில் உர மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு ஏறினான். வளைவில் நிற்காமலே ஏறிவிட்டான். கடைசி வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கூரை முட்ட மூட்டைகள்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்றாள் நீலாவதி. "ஒரு விரிசல் இல்ல."

அங்கிருந்து ஜெயாவைப் பார்க்கப் போனாள். கம்போங் ராஜாவில் ஒரு கடைக்கு மேல்மாடி அறை. அவர்களால் கொடுக்க முடிந்த வாடகைக்கு அதுதான் கிடைத்தது. செங்குத்தான, இருட்டான மரப்படி. ஷாரன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரக் கட்டிலில் ஜெயா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலி. அதன் மேல் சட்டையும் கைலியும் காய்ந்துகொண்டிருந்தன.

"வா பொண்ணு, வா! அங்க போயிட்டா வர்ற? நம்ம ரேம்ப் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு ஆன்ட்டி."

"விரிசல் கிரிசல் உண்டா?"

"இல்ல."

"எப்படி விடும்? எத்தனை பேரு முதுகுல ஏறின மணலு அது!" ஜெயாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த ஜென்மத்துல எனக்கு அப்படி யாரு செஞ்சா? சொல்லு. வீட்டுக்குப் புதுசா யாராச்சும் வந்துட்டாங்களா?"

ஷாரன் காய்ந்த சட்டை ஒன்றை எடுத்து மடித்தாள். "இன்னும் யாரும் வரல ஆன்ட்டி."

"நடக்க முடியாத ஆளு யாராச்சும் வந்தா நல்லாருக்கும். வீணாப் போவக் கூடாது."

கீழே தெருவில் ஹாரன் அடித்தது. அதே மீன் லோரி. ஜெயா கட்டிலடியிலிருந்து மங்குக் கிண்ணத்தை இழுத்து ஷாரனிடம் நீட்டினாள்.

"ஓடு, ஓடு. கெம்போங் இருந்தா வாங்கியா. செவுளத் தூக்கிப் பாரு, என்ன?"

ஷாரன் மங்கோடு இறங்கினாள். மீன்காரர் அவளை அடையாளம் கண்டு தட்டை முன்னால் நகர்த்தினார். அவள் ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கி, மேலே ஜன்னலைப் பார்த்து உயர்த்திக் காட்டினாள். காய்கிற துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை நீண்டது. அது இல்லை, பக்கத்தில் இருப்பது என்று காட்டியது.